மடங்காத சக்கரங்கள்
ஐலாண்டர் விமானம் உருவான கதை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அட்லாண்டிக் பெருங்கடலும் வடகடலும் சந்திக்கும் இடத்தில் ஆர்க்னித் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று வெஸ்ட்ரே. அதன் அருகே பாப்பா வெஸ்ட்ரே என்று இன்னொரு குட்டித் தீவு. இரண்டு தீவுகளின் விமானத் திடல்களுக்கும் இடையே உள்ள தொலைவு 2.7 கிலோமீட்டர்தான். 1967ஆம் ஆண்டு முதல் இந்தத் தொலைவைப் பயணிகள் விமானம் ஒன்று கால அட்டவணைப்படி கடந்து வருகிறது. அட்டவணையில் போட்டிருக்கும் பயண நேரம் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக வீசிய ஒரு நாளில் 53 விநாடியில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. உலகிலேயே மிகக் குறுகிய விமானப் போக்குவரத்து இதுதான்.

படித்ததும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் ஊரில் இந்தத் தூரத்துக்குப் பேருந்துக்குக் காத்திருப்பதைவிட நடந்து போய்விடலாம். ஆனால் நடுவில் கிடப்பது கடல். அதுவும் குளிர்காலத்தில் படகுகளைக் கரையிலேயே கட்டிப்போட வைக்கும் முரட்டுக் கடல். பாடம் நடத்த வரும் ஆசிரியர், பல் பார்க்க வரும் மருத்துவர், அவசரமாகப் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டிய நோயாளி ஆகிய எல்லாருக்கும் இந்த விமானம்தான் வழி.

இத்தகைய வேலைக்கு எப்படிப்பட்ட விமானம் வேண்டும்? சற்று யோசித்துப் பாருங்கள். இறங்குமிடம் புல்தரை அல்லது சரளை மண். நீளம் சில நூறு மீட்டர். பழுது பார்க்கப் பெரிய பட்டறை கிடையாது. ஏறுகிறவர்கள் எட்டு, ஒன்பது பேர். ஒரு நாளைக்குப் பல முறை ஏறி இறங்கவேண்டும். கீழே கடல் என்பதால் எஞ்சின் நின்றுபோனால் இறங்குவதற்கு வயல்வெளி ஏதும் இல்லை. ஆகவே ஓர் எஞ்சின் போதாது, இரண்டு வேண்டும். இவ்வளவும் சிறு நிறுவனம் ஒன்று வாங்கக்கூடிய விலைக்குள் அடங்கவேண்டும்.

1930களில் இந்தத் தேவையை நிறைவேற்றியது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டிராகன் ரேப்பிட் என்ற விமானம். 1934இல் முதலில் பறந்த இது மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய இரட்டை அடுக்கு இறக்கை விமானம். 200 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின்கள் இரண்டு. எட்டுப் பயணிகள்வரை ஏறலாம். எழுநூறுக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. ஆனால் மரமும் பசையும் துணியும் எத்தனை நாள் தாங்கும்? 1960 வாக்கில் ரேப்பிட் விமானங்கள் முதுமையடைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் வைக்கத் தகுந்த விமானம் எந்தக் கடையிலும் இல்லை.

இரட்டை எஞ்சின் விமானங்களே இல்லை என்று பொருள் கொள்ளவேண்டாம். அமெரிக்காவில் 1950களில் பைப்பர் அப்பாச்சி, செஸ்னா 310 போன்ற சிறு விமானங்கள் ஏராளமாக விற்பனையாயின. அழகானவை, விரைவானவை, பறக்கும்போது சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்பவை. ஆனால் அவை நான்கைந்து பேர் செல்லும் சொந்தக் கார் போன்றவை. ரேப்பிட் செய்ததோ சிற்றூர்ப் பேருந்தின் வேலை.

வயல்களில் கற்ற பாடம்

இந்த இடைவெளியைக் கண்டவர்கள் இருவர்: ஜான் பிரிட்டென், டெஸ்மண்ட் நார்மன். முன்னவர் 1928இலும் பின்னவர் 1929இலும் பிறந்தவர்கள். நார்மனின் தந்தை சர் நைஜல் நார்மன் விமான நிலையங்களை வடிவமைத்த பொறியாளர்; 1943இல் விமான விபத்தில் இறந்தார். இருவரும் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பள்ளியில் மாணவர்களாகச் சந்தித்துக்கொண்டனர். 1951இல் தாங்களே ஒரு சின்னஞ்சிறு ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டனர். அது விற்பனைக்கு வரவில்லை. ஆனாலும் நட்பு தொழிலாக மாறியது. இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில், பெம்பிரிட்ஜ் என்ற ஊரில் பட்டறை போட்டனர்.

முதலில் அவர்கள் செய்த தொழில் பயிர்களுக்கு மருந்து தெளிப்பது. பழைய விமானங்களில் தெளிப்புக் கருவிகளைப் பொருத்திப் பல நாடுகளுக்கு அனுப்பினர். தூள் தூளாகத் துளிகளைச் சிதறவிடும் சுழல் தெளிப்பான் ஒன்றும் அவர்கள் வட்டாரத்தில்தான் வளர்ச்சி பெற்றது. ஒருமுறை, வாழைத்தோட்டங்களிலிருந்து குலைகளைக் கொண்டுவருவதற்காகக் காற்றுமெத்தைமேல் மிதந்து செல்லும் வண்டியைக்கூடக் கட்டிப் பார்த்தார்கள். இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. வரப்போரத்தில் இறங்கி, மேட்டில் குலுங்கி, கையில் கிடைத்த திருகாணியைப் போட்டு ஓட்டுவது என்றால் என்ன என்பதை வேறு எந்தப் பள்ளி கற்றுத்தரும்?

ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டில் இயங்கிய ஒரு சிறு விமானப் போக்குவரத்து நிறுவனத்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. அந்த நிறுவனத்துக்கு விமானம் தேடியபோதுதான் தங்களுக்கு வேண்டியதை யாரும் செய்வதில்லை என்று உணர்ந்தனர். 1963இல் தாங்களே வரைபடம் போடத் தொடங்கினர். 'பி.என்.-2' என்று பெயரிட்ட அந்த விமானமே பிற்பாடு 'ஐலாண்டர்', அதாவது 'தீவுக்காரர்', ஆயிற்று.

இரண்டு எஞ்சின் இருந்தால் ஆபத்தில்லையா?

வரைபடத்துக்குள் நுழையுமுன் ஒரு கேள்விக்கு விடை காண்போம். இரண்டு எஞ்சின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுபோனால் என்ன நேரும்? "பாதி வலிமை போய்விடும், பாதி வேகத்தில் பறந்துபோய் இறங்கிவிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு எஞ்சினும் சேர்ந்து 100 பங்கு திறன் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் மாறாமல் காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் பறப்பதற்கு மட்டும் 40 பங்கு செலவாகிறது. மீதி 60 பங்குதான் விமானத்தை மேலே ஏற்றுகிறது. இப்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டது. கையில் 50 பங்கு. நேராகப் பறக்க 40 போனால் ஏறுவதற்கு மிஞ்சுவது 10. அதாவது இழந்தது பாதித் திறன். ஏறும் வேகத்திலோ ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது! விமானம் சற்றுக் கனமாக இருந்தாலோ, வெப்பத்தால் காற்று அடர்த்தி குறைந்திருந்தாலோ அந்த 10 பங்கும் காணாமற்போகும். அப்போது இரண்டாவது எஞ்சின் செய்யக்கூடியது, விழப்போகும் இடத்தைச் சற்றுத் தள்ளிப்போடுவதுதான்.

இத்துடன் தொல்லை முடியவில்லை. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் வண்டி என்ன செய்யும்? இழுக்கிற மாடு வண்டியை மறுபக்கம் திருப்பிவிடும். விமானத்திலும் அப்படியே. இடப்பக்க எஞ்சின் நின்றால் வலப்பக்க எஞ்சின் விமானத்தின் மூக்கை இடப்பக்கமாகத் திருப்பும். அதைத் தடுக்க விமானி வாலில் உள்ள சுக்கானை வலப்பக்கம் மிதிக்கவேண்டும். ஆனால் சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மேல் மோதும் காற்று. காற்றின் வேகம் பாதியானால் சுக்கானின் வலிமை கால் பங்காகிவிடும். ஆகவே ஒவ்வோர் இரட்டை எஞ்சின் விமானத்துக்கும் ஒரு குறைந்த அளவு வேகம் உண்டு. அதற்குக் கீழே, ஓர் எஞ்சின் முழு விசையில் ஓடிக்கொண்டிருந்தால், சுக்கானை எவ்வளவு மிதித்தாலும் விமானம் திரும்பிக் கவிழ்வதை நிறுத்த முடியாது. அத்தகைய வேளையில் ஓடுகிற நல்ல எஞ்சினே எமனாகிவிடுகிறது.

நின்றுபோன எஞ்சினின் விசிறியும் சும்மா இருப்பதில்லை. அகலமான அதன் அலகுகள் காற்றை மறித்துக்கொண்டு விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் அலகுகளைத் திருப்பி, கத்தி முனைபோல் காற்றுக்கு நேராக நிறுத்தும் அமைப்பு வேண்டும். ஐலாண்டரின் விசிறிகளில் இந்த ஏற்பாடு உண்டு.

இந்தத் தொல்லையைத் தீர்க்கச் செஸ்னா நிறுவனம் 1961இல் வேறு ஒரு வழியைச் சோதித்தது. ஓர் எஞ்சினை மூக்கிலும் மற்றொன்றை உடலின் பின்புறத்திலும் வைத்தது. முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். எது நின்றாலும் விமானம் பக்கவாட்டில் திரும்பாது. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் பின்னால் எஞ்சின் உட்கார்ந்துகொண்டால் உடலை நீட்டி ஆட்களை ஏற்ற முடியாது. பிரிட்டெனும் நார்மனும் எஞ்சின்களை வழக்கம்போல் இறக்கைகளில் வைத்து, அவற்றை உடலுக்கு நெருக்கமாகவும், வாலைப் பெரிதாகவும் அமைத்தனர். எஞ்சின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் திருப்பும் விசை குறையும் என்பது நெம்புகோல் பாடம் படித்த உங்களுக்குத் தெரிந்ததே.

எதை விட்டுவிடலாம்?

ஐலாண்டரின் வரைபடத்தைப் பார்க்கும் ஒருவருக்கு முதலில் தோன்றுவது, 'இதில் ஒன்றுமே இல்லையே' என்பதுதான். நீள்சதுரப் பெட்டி போன்ற உடல். அதன் தலைமேல் பலகை வைத்தாற்போல் ஒரு நேர் இறக்கை. மடங்காத சக்கரங்கள். விமான அழகுப் போட்டியில் இதற்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. ஆனால் ஒவ்வோர் எளிமைக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். வெளியே தொங்கும் சக்கரங்கள் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். மடக்கிவைத்தால் வேகம் கூடும். எவ்வளவு பயன்? இரண்டு தீவுகளுக்கு இடையே 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் போகும் விமானம் அதை ஏறத்தாழ ஒன்பதரை நிமிடத்தில் கடக்கும். 350 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம்கூட இல்லை! பெட்டியைத் தேடி எடுக்கும் ஒரு பயணி அதை வீணாக்கிவிடுவார். இந்த மூன்று நிமிடத்துக்காக நீர்விசைக் குழாய்கள், பூட்டுகள், மின்விளக்கு அறிவிப்புகள், அவற்றின் எடை, அவற்றைப் பழுது பார்க்கும் செலவு, இவற்றோடு சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் இறங்கும் அபாயம் எல்லாவற்றையும் சுமக்கவேண்டும். சக்கரங்கள் மடங்கவேண்டாம் என்று வடிவமைப்பாளர்கள் முடிவு செய்தனர். ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம். கால்கள் எஞ்சின் கூட்டுக்குப் பின்னால் இறக்கையிலிருந்தே இறங்குகின்றன. இதனால் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 3.6 மீட்டர் இடைவெளி கிடைத்தது. பக்கக் காற்று ஓயாமல் அடிக்கும் தீவுத் திடலில் கால் அகட்டி நிற்பது எவ்வளவு நல்லது என்று சொல்லவேண்டுமா?

அடுத்து இறக்கை. வேகமான விமானங்களின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகிச் செல்லும். ஐலாண்டரின் இறக்கையோ உடல் முதல் நுனிவரை ஒரே அகலம். குறுகும் இறக்கையில் உள்ளிருக்கும் விலா எலும்பு போன்ற தகடுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். ஒரே அகல இறக்கையிலோ ஒரே அச்சில் பல விலாக்களை அடித்துவிடலாம். செலவு குறைவு, ஒன்று நசுங்கினால் மாற்றுவதும் எளிது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. விமானம் மிக மெதுவாகப் பறக்கும்போது இறக்கையின்மேல் ஒழுகும் காற்று பிய்ந்துபோய்த் தூக்குவிசை அற்றுவிடும். ஒரே அகல இறக்கையில் இது முதலில் உடலை ஒட்டிய பகுதியில் தொடங்கும். நுனிப்பகுதியில் காற்று இன்னும் ஒழுங்காகவே போய்க்கொண்டிருக்கும். விமானத்தைச் சமன்செய்யும் மடல்கள் நுனிப்பக்கம்தான் இருக்கின்றன. ஆகவே விமானி கட்டுப்பாட்டை இழப்பதற்கு முன்னால் விமானமே நடுங்கி அவரை எச்சரித்துவிடுகிறது.

இறக்கையின் பரப்பு 30 சதுர மீட்டர். முழுச் சுமையோடு விமானத்தின் எடை 3,000 கிலோகிராமுக்கு ஒரு பிடி குறைவு. ஆக ஒரு சதுர மீட்டர் இறக்கை ஏறத்தாழ 100 கிலோகிராமைத் தாங்குகிறது. இது குறைவான சுமை. அதனால்தான் இறங்குவதற்கான மடல்களை விரித்தால் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம்வரை காற்றில் நிற்க முடிகிறது. இறங்கும் விமானத்தை நிறுத்துவதற்கு அதன் இயக்க ஆற்றலைத் தீர்த்தாகவேண்டும். ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தீர்க்கவேண்டிய ஆற்றல் கால் பங்கு. சில நூறு மீட்டர்த் திடலில் ஐலாண்டர் இறங்கி ஏறுவதன் இரகசியம் எஞ்சினின் வலிமையில் மட்டும் இல்லை; மெதுவாகப் பறக்கும் திறமையில் இருக்கிறது.

உடலின் உள்ளே போனால் இன்னும் வேடிக்கை. நடைபாதையே இல்லை! நடுவில் நடக்க வழி விட்டால் உடல் அகலமாகவேண்டும், உயரமாகவும் வேண்டும். காற்றுத்தடை கூடும், எடை கூடும். நடைபாதையில் யாரும் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு உட்காரப்போவதில்லை. ஆகவே அதை நீக்கிவிட்டு, இடப்பக்கம் இரண்டும் வலப்பக்கம் ஒன்றுமாகக் கதவுகள் வைத்தனர். வாடகைக் காரில் ஏறுவதுபோல் அவரவர் இருக்கைக்கு நேரே கதவைத் திறந்து ஏறவேண்டியதுதான். உள்ளே அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். விமானியோடு சேர்த்துப் பத்து இருக்கைகள். ஒரு பயணி விமானியின் பக்கத்திலேயே உட்காரலாம். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் மூட்டைகள் ஏற்றலாம், நோயாளியைக் கட்டிலோடு படுக்கவைக்கலாம். இறக்கை தலைக்குமேல் இருப்பதால் ஏறுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லை; விசிறிகளும் சரளைக் கற்களிலிருந்து விலகி நிற்கின்றன. குறை ஒன்று உண்டு: இரைச்சல். விசிறிகள் காதருகே சுற்றுவதால் உள்ளே பேசவேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். இரண்டு நிமிடப் பயணத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் என்றால் தலைவலிதான்.

எஞ்சினைத் தேர்ந்ததிலும் இதே மனப்பான்மையைக் காணலாம். 1965இல், ஐலாண்டருக்குச் சில வாரங்கள் முன்னதாக, கனடாவில் ட்வின் ஆட்டர் என்ற விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதுவும் குறுந்திடல் விமானமே. ஆனால் அதில் இருந்தவை டர்பைன் எஞ்சின்கள். பளு குறைவு, வலிமை அதிகம், விலையோ மிக அதிகம். ஐலாண்டருக்கு அது கட்டுப்படியாகாது. உருளைக்குள் பெட்ரோலை எரித்து உந்துதண்டை ஓட்டும், காற்றால் குளிரும் பழைய வகை எஞ்சினே போதும் என்று கொண்டனர். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

பறந்தது, ஆனால் போதவில்லை

1965ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் முதல் விமானம் பெம்பிரிட்ஜில் எழும்பியது. நான்கே நாளில் பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் பறந்துபோய் நின்றது. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். அதில் இருந்தவை 210 குதிரைத்திறன் காண்டினெண்டல் வகை எஞ்சின்கள். இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் உரிமம் பெற்றுச் செய்தவை.

சோதனைப் பறப்புகளில் விமானம் ஒழுங்காகவே நடந்துகொண்டது. ஆனால் நாம் மேலே போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? முழுச் சுமையோடு ஓர் எஞ்சினில் ஏறுவதற்கு மிஞ்சும் அந்தச் சிறு பங்கு போதுமானதாக இல்லை. இந்த இடத்தில் சிலர் சுமையைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். ஒன்பது பயணிகளுக்குக் கட்டிய விமானத்தில் ஆறு பேரை ஏற்றினால் வாங்கியவர் நிறுவனத்தை மூடவேண்டியதுதான். பிரிட்டெனும் நார்மனும் இரண்டு மாற்றங்கள் செய்தனர். இறக்கையை ஏறத்தாழ 1.2 மீட்டர் நீட்டி, நுனிக்கு நுனி 14.9 மீட்டர் ஆக்கினர். எஞ்சின்களை மாற்றி, ஆறு உருளைகள் கொண்ட 260 குதிரைத்திறன் லைக்கமிங் எஞ்சின்களைப் பொருத்தினர். நீண்ட இறக்கை, நேராகப் பறப்பதற்கு ஆகும் செலவைக் குறைக்கும். பெரிய எஞ்சின் வரவைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து மிச்சத்தைப் பெருக்கின. அப்படியும், இரண்டு எஞ்சினோடு நிமிடத்துக்கு 260 மீட்டர் அளவில் ஏறும் ஐலாண்டர், ஓர் எஞ்சினோடு 50 மீட்டர் அளவில்தான் ஏறும். ஐந்தில் ஒரு பங்கு! நமது கணக்கு வெறும் கற்பனை இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

முதல் விமானம் 1966 நவம்பரில் நெதர்லாந்தில் விபத்துக்குள்ளாகி அழிந்தது. ஆனால் அதற்குள் இரண்டாவது விமானம் பறக்கத் தொடங்கியிருந்தது. 1967 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கச் சான்றிதழும் வந்தது. ஸ்காட்லாந்தின் லோகன்ஏர் நிறுவனம் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று. ஆர்க்னித் தீவுகளில் ஐலாண்டர் நகரப் பேருந்துபோல் ஓடத் தொடங்கியது. தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் வேலையையும் லோகன்ஏரின் ஐலாண்டர்கள் 2006ஆம் ஆண்டுவரை செய்தன. அயர்லாந்தின் அரான் தீவுகள், தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்துத் தீவுகள், பாப்புவா நியூகினியின் மலைத் திடல்கள் என எங்கெல்லாம் சாலை முடிந்துபோகிறதோ அங்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. 1976இல் இந்தியக் கடற்படையும் ஐலாண்டர்களை வாங்கிக் கொச்சியில் நிறுத்தியது. கரையோரக் கண்காணிப்புக்கு, மெதுவாக நெடுநேரம் சுற்றக்கூடிய விமானம் வேண்டியிருந்தது.

விற்பனை நடந்தது, பணம் தீர்ந்தது

ஆணைகள் குவிந்தபோது பெம்பிரிட்ஜ் பட்டறையால் ஈடுகொடுக்க முடியவில்லை. அப்போது ருமேனியா பிரிட்டனிடமிருந்து ஜெட் விமானங்கள் வாங்க முன்வந்தது. பதிலுக்கு ருமேனியாவுக்கும் வேலை தரவேண்டும் என்பது பேச்சு. அப்படித்தான் ஐலாண்டரைக் கட்டும் பணி புக்கரெஸ்ட் நகரின் தொழிற்சாலை ஒன்றுக்குப் போயிற்று. அங்கே கட்டிய முதல் விமானம் 1969 ஆகஸ்டில் பறந்தது. அதன்பின் ஐந்நூறுக்கு மேற்பட்டவை அங்கே உருவாயின. எளிய வடிவம் என்பதால்தான் வரைபடத்தைக் கொடுத்து வேறொரு நாட்டில் கட்டச் சொல்ல முடிந்தது.

இன்னும் பெரிய விமானம் கேட்டவர்களுக்கு நிறுவனம் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது. உடலை நீட்டி 18 இருக்கைகள் ஆக்கினார்கள். இப்போது 520 குதிரைத்திறன் போதாது. புதிய பெரிய எஞ்சின் வாங்கினால் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். அதனால் அதே 260 குதிரைத்திறன் எஞ்சின் இன்னொன்றை எடுத்து வாலின்மேல் செருகிவிட்டார்கள்! 'ட்ரைலாண்டர்' என்ற இந்த மூன்று எஞ்சின் விமானம் 1970 செப்டம்பர் 11ஆம் நாள் முதன்முதலாகப் பறந்து, அன்றைக்கே ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியிலும் தலைகாட்டியது. வாலில் விசிறி சுற்றும் அதன் தோற்றத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் நல்ல விமானம் கட்டுவது வேறு. விமானத் தொழிற்சாலை நடத்துவது வேறு. ஒரு விமானத்துக்கு வேண்டிய அலுமினியமும் எஞ்சினும் முன்பணம் கொடுத்து வாங்கவேண்டும். விலையோ கடைசியில்தான் வரும். ஆணைகள் கையில் இருந்தபோதே, 1971 அக்டோபரில், கடன்காரர்கள் சார்பில் நிர்வாகி ஒருவர் பொறுப்பேற்கும் நிலைக்கு நிறுவனம் வந்துவிட்டது. 1972இல் ஃபேரி குழுமம் அதை வாங்கி, வேலையில் ஒரு பகுதியைப் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோயிற்று. 1977இல் ஃபேரியும் நொடித்தது. அதே ஆண்டில் ஜான் பிரிட்டென் காலமானார்; அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. 1979இல் நிறுவனம் ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ் கைக்குப் போனது. பிற்பாடு அங்கிருந்தும் கைமாறியது. நிறுவனத்தை விட்டு விலகிய டெஸ்மண்ட் நார்மன் வேறு விமானங்களை வடிவமைத்தார், 2002இல் மறைந்தார். இத்தனை கை மாறியபோதும் ஐலாண்டர் கட்டுவது முற்றிலும் நின்றுபோகவில்லை. 1,250க்கு மேற்பட்டவை உருவாகியிருக்கின்றன. ருமேனியாவிலிருந்து கட்டுமானப் பணியை மறுபடியும் வைட் தீவுக்கே கொண்டுவரும் முடிவு 2023இல் அறிவிக்கப்பட்டது.

எஞ்சின் மட்டும் கேள்விக்குள்ளாகியது. விமானப் பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஜெட் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகை எரிபொருளோ பெரிய நிலையங்களில் எல்லாம் உண்டு. எனவே 1980இல் சிறு டர்பைன் பொருத்திய ஐலாண்டர் பறந்தது. இந்தியக் கடற்படையும் பிற்காலத்தில் டர்பைன் வகைக்கு மாறியது. ஆனால் பெட்ரோல் எஞ்சின் வகைக்கு இன்னும் தேவை இருக்கிறது. குறுகிய தூரம் போய் நிற்கும் விமானத்துக்கு விலையுயர்ந்த டர்பைன் கட்டுப்படியாவதில்லை.

2019இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தை ஒட்டிய குழு ஒன்று ஐலாண்டரை மின்னோட்டத்தால் பறக்கவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1930களில் ஆர்க்னித் தீவுகளுக்கு விமானப் போக்குவரத்து நடத்திய ஃப்ரெசன் என்ற விமானியின் பெயரை அதற்கு வைத்தார்கள். முதலில் மின்கல அடுக்குகளை ஏற்றலாம் என்று எண்ணினர். ஆனால் ஒரு கிலோகிராம் பெட்ரோலில் உள்ள ஆற்றலைத் தர எத்தனையோ கிலோகிராம் மின்கலம் வேண்டும். ஒன்பது பேர் விமானத்தில் அந்த எடைக்கு இடம் எங்கே? 2021இல் திட்டத்தை மாற்றி, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிமக்கலங்களுக்குப் போனார்கள். ஹைட்ரஜன் கலன்களைப் பயணிகளின் இருக்கைகளைத் தொடாமல், இறக்கைகளின் அடியில் தொங்கவிடுவதாக வரைபடம் போடப்பட்டது.